எங்கள் வீட்டு பிரெஞ்சு மேசையும், தாமதமான ஒரு மன்னிப்பும்



இரண்டு வாரமாகக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்விதான். "மாமா, அந்த மேசையை என்ன பண்ணீங்க?" "சித்தப்பா, வித்துட்டீங்களா?" பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விற்கவில்லை. ஏன் விற்கவில்லை என்பது கொஞ்சம் நீளமான கதை. பொறுமை இருப்பவர்கள் முழுதாகப் படியுங்கள். மற்றவர்கள் வழக்கம்போலக் கடைசிப் பத்தியை மட்டும் படித்துவிட்டுக் கைகூப்பும் படம் போடுவீர்கள். வாத்தியாருக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம்!

கே.கே. நகர் வீட்டுக்கு வந்துபோன பிள்ளைகளுக்கு அந்த மேசையைத் தெரியும். கூடத்தில் ஜன்னல் ஓரமாக இருக்கும். சாய்வான மூடியைத் திறந்து முன்னால் இறக்கினால் அதுவே எழுதும் பலகை. உள்ளே கடிதம் சொருகச் சின்னச் சின்ன அறைகள், கீழே ஆறு இழுப்பறைகள். காலாண்டு, அரையாண்டு விடைத்தாள்களை அதில் வைத்துத்தான் திருத்தினேன். உங்களில் பலருடைய மதிப்பெண் அந்தப் பலகையில் முடிவானதுதான்.

என் மனைவியின் தாத்தா புதுச்சேரியில் பிரெஞ்சு அரசாங்க அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்தவர். 1954 நவம்பர் 1-ஆம் தேதி புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. அப்போது ஊருக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரர் விற்ற சாமான்களில் தாத்தா ஆசைப்பட்டு வாங்கியது இது. எங்கள் கல்யாணத்தில் பாத்திர பண்டத்தோடு சேர்ந்து லாரியில் சென்னைக்கு வந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் "பிரெஞ்சு மேசை". யாரும் கேள்வி கேட்டதில்லை.

இப்போது எங்கள் பழைய குடியிருப்பை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். எழுபதுகளில் எழுந்த கே.கே. நகர்க் கட்டடங்கள் ஒவ்வொன்றாக இப்படித்தான் போய்க்கொண்டிருக்கின்றன. கட்டி முடிக்கும்வரை வாடகை வீடு. இரண்டாவது மாடி, குறுகலான படி. மேசை ஏறாது. வெளிநாட்டில் இருக்கும் மகன், "ஆன்டிக் கடைக்காரங்ககிட்ட குடுத்துடுங்கப்பா. பிரெஞ்சுன்னா நல்ல விலை வரும்" என்றான்.

கடைக்காரர் ஒருவரை அழைத்தோம். நல்ல மனிதர்தான். காபி குடித்தார், மேசையைத் தடவிப் பார்த்தார், "பாரிஸ் சாமானா இருந்தா லட்சத்துக்கு மேல போகும் சார்" என்றார். பிறகு கைப்பேசி விளக்கைப் போட்டுக்கொண்டு தரையில் படுத்துவிட்டார். மேசைக்கு அடியில் பார்க்கிறார், பின்பக்கம் பார்க்கிறார், பூட்டின் தகட்டைப் பார்க்கிறார்.

"என்ன தேடறீங்க?" என்றேன்.

"முத்திரை சார். செஞ்சவன் பேரு எங்கயாவது குத்தியிருக்கும்."

இழுப்பறைகளை வெளியே எடுத்துக் கவிழ்த்தார். பெயர் எதுவும் இல்லை. ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் ஏதோ ஒரு கிறுக்கல் இருந்தது. "இது என்ன சார் கோடு?" என்று காட்டினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ௧, ௨, ௩, ௪, ௫, ௬. தமிழ் எண்கள். எந்த இழுப்பறை எந்த இடத்துக்கு என்று மறந்துவிடாமல் இருக்க, செய்தவர் போட்டுக்கொண்ட குறி.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. நாற்பது வருடம் பக்கத்திலேயே இருந்தும் ஒருநாள்கூட நான் கவிழ்த்துப் பார்த்ததில்லையே! அவருக்கோ முகம் தொங்கிவிட்டது. "அப்போ இது லோக்கல் சார். உள்மரமும் தேக்குதான். முப்பதாயிரம் குடுக்கலாம்."

நல்லா இழைத்த அதே மரம், அதே மேசை. செய்தவர் பாரிஸ்காரர் இல்லை, புதுச்சேரித் தச்சர் என்று தெரிந்த அடுத்த நிமிடமே எழுபதாயிரம் ரூபாய் குறைந்துபோனது. அந்த ஆற்றாமைதான் என்னைப் படிக்க உட்கார வைத்தது.

கடைக்காரர் தேடியதில் தப்பில்லை. பாரிஸ் தச்சர் சங்கத்தில் 1743-இல் எழுதப்பட்ட விதி ஒன்று உண்டு. மேசையோ அலமாரியோ நாற்காலியோ, செய்யும் மாஸ்டர் தன் பெயரை இரும்பு முத்திரையால் மரத்தில் குத்த வேண்டும். சங்கத்தார் வந்து வேலையைச் சரிபார்த்துத் தங்கள் குறியையும் பக்கத்தில் போடுவார்கள். அரசருக்கென்று வேலை செய்தவர்களுக்கு மட்டும் விலக்கு. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் 1791-இல் சங்கங்களையே கலைத்துவிட்டார்கள். கட்டாயம் போனாலும், அடுத்த நூற்றாண்டின் பெரிய பட்டறைக்காரர்கள் பெயர் போடும் பழக்கத்தை விடவில்லை.

பதினைந்தாம் லூயி மன்னருக்கென்று 1760-இல் ஓபன் என்பவர் ஒரு எழுது மேசையைத் தொடங்கினார். பாதியிலேயே 1763-இல் இறந்துபோனார். அவர் பட்டறையிலிருந்த ரீஸ்னர் அதை 1769-இல் முடித்தார். ஒரு மேசைக்கு ஒன்பது வருடம்! மன்னர் வீட்டு மேசையில் ரீஸ்னர் தன் பெயரையும் வருடத்தையும் மரத்துண்டுகளாலேயே இழைத்து வைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பணக்காரர்கள் எல்லாம் அந்த மேசைக்கு நகல் கேட்டார்கள். நகல் செய்தவர்களில் ஒருவர் பிரான்சுவா லிங்க். 1855-இல் பொஹீமியாவில் பிறந்து, பிழைப்புக்காக பாரிஸ் வந்தவர். தச்சர்கள் நிறைந்த செயிண்ட் அந்துவான் பகுதியில் பட்டறை போட்டார். 1900-இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில் ஒரு பெரிய எழுது மேசை வைத்துத் தங்கப் பதக்கம் வாங்கினார். அவர் பட்டறைச் சாமான்களின் பூட்டுத் தகட்டில்கூட அவர் பெயர் இருக்கும். கடைக்காரர் பூட்டைப் பார்த்ததன் காரணம் இதுதான்.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். அந்த முத்திரைகளில் இருப்பது பட்டறை முதலாளியின் பெயர். அங்கே கூலிக்கு இழைத்தவர்கள், பித்தளை வார்த்தவர்கள், பூட்டுப் போட்டவர்கள் பெயர் அங்கேயும் பெரும்பாலும் இல்லை. ஆனாலும் ஒரு பெயராவது மிஞ்சியது. அதைப் பிடித்துக்கொண்டு பட்டறை எங்கே இருந்தது, யாரிடம் வேலை கற்றார், யாருக்கு விற்றார் என்று புத்தகம் புத்தகமாக எழுதிவிட்டார்கள். நம்மிடம் ஆறு எண்கள்தான் இருக்கின்றன.

அந்த மேசைக் கதைக்குள் நம் நாடு இல்லாமல் இல்லை. உயர்ந்த மர வேலை செய்பவரை பிரெஞ்சில் "எபெனிஸ்த்" என்பார்கள். கருங்காலியில் வேலை செய்பவர் என்று பொருள். பாரிஸில் பணக்கார வீட்டுச் சாமான்களை இழைத்தவர்கள் கருங்காலியிலிருந்துதான் தங்கள் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். இப்போது பாதிப் பேர் கழுத்தில் மாலையாகத் தொங்குகிறதே, அந்தப் பெயர்தான். கருங்காலி மரம் நம் தென்னிந்தியக் காடுகளிலும் இலங்கையிலும் வளர்வது.

"பிரெஞ்ச் பாலிஷ்" என்று நம் ஆசாரிகள் சொல்வது என்ன? அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பந்தால் தேய்த்துத் தேய்த்து ஏற்றும் பளபளப்பு. அரக்கு நம் நாட்டுப் பொருள். இன்றும் ஜார்க்கண்ட் பக்கத்தில் மரக்கிளைகளில் பூச்சி வைத்து எடுக்கிறார்கள். பொருள் நம்முடையது, பெயர் பிரெஞ்சு!

இன்னொரு வேடிக்கை. உங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு பிரெஞ்சு எழுது மேசை இருக்கிறது, தெரியுமா? புடவையும் நகையும் வைத்துப் பூட்டுகிறீர்களே, பீரோ. பிரெஞ்சில் "பீரோ" என்றால் எழுது மேசை. மேசை மேல் விரித்த முரட்டுக் கம்பளித் துணிக்கு முதலில் வந்த பெயர், பிறகு மேசைக்கு ஆனது, பிறகு மேசை இருக்கும் அறைக்கு, பிறகு அலுவலகத்துக்கு. செய்தித்தாளில் வரும் "பொலிட்பீரோ"வும் இதன் வாரிசுதான். நம்மிடம் வந்து சேர்ந்தபோது இரும்பு அலமாரி ஆகிவிட்டது. மேசை, அலமாரி, சாவி, ஜன்னல் எல்லாம் போர்த்துகீசியர் கொடுத்த சொற்கள் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன், ஞாபகம் இருக்கும்.

சரி, புதுச்சேரித் தச்சர் செய்தது வெறும் நகலா? பாரிஸ் மேசையில் உள்ளே ஓக் போன்ற மரத்தில் கூடு கட்டி, மேலே காகிதம்போல மெல்லியதாக அறுத்த விலை உயர்ந்த மரத்தை வச்சிரம் போட்டு ஒட்டுவார்கள். அங்கத்திய குளிருக்கு அது நிற்கும். இங்கே ஐப்பசி கார்த்திகை மழையில் பசை இளகும், கத்திரி வெயிலில் மரம் சுருங்கும், ஒட்டிய தகடு உரிந்துகொண்டு வரும். கரையான் வேறு. அதனால் பிரெஞ்சுக்காரர் காட்டிய அமைப்பை வாங்கிக்கொண்டு, நம் ஆட்கள் முழுத் தேக்கிலும் ஈட்டி மரத்திலும் அதைச் செய்தார்கள். மூலைகளில் விரல் கோத்ததுபோல மரத்துக்குள் மரம் கோத்தார்கள். எங்கள் மேசையில் இன்றுவரை ஒரு மூலை அசைந்ததில்லை. எத்தனையோ அடைமழை பார்த்த மேசை அது. தரையில் சம்மணமிட்டுச் சாய்வுப் பெட்டியில் கணக்கு எழுதிய ஊரில், நாற்காலியில் உட்கார்ந்து எழுதும் மேசையை அவர் செய்திருக்கிறார். தானே உட்கார்ந்து பழகாத ஒன்றின் உயரமும் சாய்வும் எப்படி இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இதை நகல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

இதுவரை எழுதியது சுலபம். இனி எழுதப் போவதைத்தான் ஒரு வாரமாக எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தேன்.

1996 என்று நினைவு. எட்டாம் வகுப்பு. ஒரு பையன், அப்பா மர வேலை செய்பவர். கரும்பலகையில் செங்கோணம் வரைய நான் வைத்திருந்த பெரிய மர மூலைமட்டம் கீழே விழுந்து உடைந்துவிட்டது. "குடுங்க சார், நான் பாத்துக்கறேன்" என்று வாங்கிக்கொண்டு போனான். திங்கட்கிழமை புதிதாக ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். நான் இரண்டு முறை வைத்து அளந்து பார்த்தேன். 90 என்றால் 90. "அப்பா செஞ்சாரா?" என்றேன். "இல்ல சார், நான்தான்" என்றான். நல்லது என்றேன். அவ்வளவுதான்.

அந்த வருட அரையாண்டுத் தேர்வில் கணக்கில் அவனுக்கு 28 மதிப்பெண். விடைத்தாளை எல்லார் முன்னாலும் தூக்கிக் காட்டினேன். "உனக்கெல்லாம் எதுக்குடா பள்ளிக்கூடம்? போய் உங்கப்பாகூட இழைப்புளி தள்ளு" என்றேன். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

பொங்கல் விடுமுறைக்குப் பிறகு அவன் வரவில்லை. சில வாரம் பார்த்துவிட்டு, வருகைப் பதிவேட்டில் அவன் பெயரைச் சிவப்பு மையால் அடித்தேன்.

அவன் நின்றதற்கு என் ஒரு சொல் மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது. வீட்டில் கஷ்டம் இருந்திருக்கலாம். ஆனால் வீட்டுக் கஷ்டத்தோடு போராடிக்கொண்டிருந்த ஒரு பிள்ளைக்கு, வராமல் இருக்க ஒரு நல்ல காரணத்தை நான் கையில் கொடுத்தேன். வீடு தேடிப் போய் ஒருமுறை கூப்பிட்டிருக்கலாம். போகவில்லை.

அந்த மூலைமட்டத்தை 2018-இல் ஓய்வு பெறும்வரை நான் பயன்படுத்தினேன். ஓய்வு பெற்ற அன்று வீட்டுக்கு எடுத்து வந்தேன். கடைக்காரர் போன பிறகு, பரணிலிருந்து அதை இறக்கிக் கவிழ்த்துப் பார்த்தேன். பின்புறத்தில் ஒரு பெயர் இருக்கிறது. என் பெயர். வேறு வகுப்புக்குப் போய்விடக் கூடாது என்று மையால் நானே எழுதி வைத்தது. செய்தவன் பெயர் இல்லை.

முப்பதாயிரம் என்று சொன்ன கடைக்காரர்மேல் எனக்கு என்ன கோபம் வேண்டிக்கிடக்கிறது?

யோசித்துப் பார்த்தால் அந்தப் பையனுக்குக் கணக்கு தெரியாமல் இல்லை. சதுரச் சட்டம் நேராக இருக்கிறதா என்று பார்க்க, தச்சர்கள் இரண்டு மூலைவிட்டங்களையும் அளப்பார்கள். இரண்டும் சமமாக இருந்தால் மூலை நாலும் செங்கோணம். ஒரு பக்கம் 3, ஒரு பக்கம் 4 குறித்து, குறுக்கே 5 வருகிறதா என்றும் பார்ப்பார்கள். இதைத்தான் நான் பிதாகரஸ் என்று பெயர் சொல்லிப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். அவனை எழுப்பி, "நீ எப்படிடா செங்கோணம் பார்த்தே, சொல்லு" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால், அன்றைய பாடத்தை அவனே நடத்தியிருப்பான். வகுப்பும் வேறு மாதிரி அவனைப் பார்த்திருக்கும். ஆசிரியர் பயிற்சியில் "தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு" என்று மனப்பாடம் செய்தவன் நான். பட்டயமும் வாங்கியிருக்கிறேன்.

அகராதியைப் பாருங்கள். ஆசிரியர், ஆசாரி இரண்டு சொல்லும் "ஆசார்ய" என்ற ஒரே சொல்லில் போய்ச் சேரும். ஒரு ஆசாரியின் மகனை அந்தப் பெயராலேயே ஒரு ஆசிரியர் அவமானப்படுத்தினார்.

இந்த இடத்தில் சிலர் கேட்பீர்கள். "என்ன சார், தச்சன் பிள்ளை தச்சு வேலைதான் செய்யணும்னு சொல்றீங்களா?" நிச்சயமாக இல்லை. 1953-இல் ராஜாஜி ஆட்சியில் அரைநாள் பள்ளி, அரைநாள் வீட்டுத் தொழில் என்று ஒரு திட்டம் வந்தது. குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் எதிர்த்தார்கள். 1954-இல் காமராஜர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. கைவிட்டது சரி. பிறப்பைப் பார்த்துத் தொழிலைத் தலையில் கட்டுவது அநியாயம். எவர் பிள்ளையும் டாக்டர் ஆகலாம், கலெக்டர் ஆகலாம். ஆனால் அதற்குப் பிறகு எங்களைப் போன்ற வாத்தியார்கள் ஒரு தவறு செய்தோம். படிக்காதவனுக்குக் கிடைக்கும் தண்டனையாக அந்தத் தொழில்களை வகுப்பில் சொல்ல ஆரம்பித்தோம். "மாடு மேய்க்கப் போ", "மூட்டை தூக்கப் போ", "இழைப்புளி தள்ளு". அப்பா அந்த வேலை செய்து கட்டிய பணத்தில் படிக்க வந்த பிள்ளை முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறது என்பது எங்களுக்கு உறைக்கவே இல்லை.

பாரிஸில் 1886-இல் மரச் சாமான் வேலைக்கென்று ஒரு பள்ளி தொடங்கினார்கள். பெயர் எக்கோல் பூல். பதினான்காம் லூயி காலத்துத் தச்சர் ஆந்த்ரே ஷார்ல் பூல் என்பவரின் பெயர். இன்றும் நடக்கிறது. நம் ஊரில் 1850-இலேயே மதராஸ் கலைப் பள்ளி தொடங்கப்பட்டது. எழும்பூரில் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரி அதன் தொடர்ச்சிதான். மாமல்லபுரத்தில் 1957-இலிருந்து சிற்பக் கல்லூரி இருக்கிறது. பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச் சிற்பங்களுக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்குப் பெயர் கிடைத்ததில் சந்தோஷம். ஆனால் ஒரு தச்சர் பெயரில் ஒரு பள்ளி? எனக்குத் தெரிந்து நம் பக்கத்தில் இல்லை. இருந்தால் சொல்லுங்கள், நேரில் போய்ப் பார்க்கிறேன்.

எனவே உங்களிடம் மூன்று விண்ணப்பங்கள். வீட்டுப்பாடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று. உங்கள் வீட்டில் யாரோ கையால் செய்த ஒரு பொருள் இருக்கும். தொட்டில், ஊஞ்சல் பலகை, பூஜை மாடம், தாத்தாவின் சாய்வு நாற்காலி. செய்தவர் பெயர் வீட்டுப் பெரியவர்களில் யாருக்காவது தெரியும். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். கேட்டு, அந்தப் பொருளின் அடியிலேயே பெயரையும் வருடத்தையும் எழுதி வையுங்கள். இனி புதிதாக எதையாவது செய்யச் சொன்னால், கூலி கொடுக்கும்போது, "உங்க பேரை இதுல ஒரு ஓரமா எழுதிக் குடுங்க" என்று கேளுங்கள்.

இரண்டு. உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள். பல பேர் பெற்றோர்கள். எந்தத் தொழிலையும் தண்டனையாகச் சொல்லாதீர்கள். வாய்வரைக்கும் வரும், எனக்குத் தெரியும். விழுங்கிவிடுங்கள்.

மூன்று. 1996-இல் எட்டாம் வகுப்பில் இருந்தவர்களுக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று புரிந்திருக்கும். அவனைக் கேட்காமல் அவன் பெயரை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. நீங்களும் கீழே எழுதாதீர்கள். யாருக்காவது அவனோடு தொடர்பு இருந்தால், இந்தப் பதிவை மட்டும் அவனுக்கு அனுப்புங்கள். அவன் பேச விரும்பினால் பேசட்டும். விரும்பாவிட்டால் அதுவும் நியாயம்தான்.

தம்பி, இப்போது உனக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். அன்று நான் சொன்னது தப்பு. அதைவிட, சிரித்தது தப்பு. என்னை மன்னித்துவிடு. மூலைமட்டம் பத்திரமாக இருக்கிறது. அதில் என் பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டேன். இடம் காலியாக இருக்கிறது.

உறவினர்களுக்கு: மேசை அடுத்த வாரம் புதுச்சேரிக்கே போகிறது. என் மைத்துனி வீட்டுக் கூடம் பெரியது, வீடு கட்டி முடியும்வரை அங்கே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். அனுப்புவதற்குமுன் ஆறாவது இழுப்பறையின் அடியில், அந்த ௬ என்ற எண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறேன்: "புதுச்சேரித் தச்சர் ஒருவர் செய்தது. பெயர் எழுதி வைக்கப்படவில்லை." இனிமேல் அதை யாரும் பிரெஞ்சு மேசை என்று சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்,
கே.கே. நகர்